ஆள் நிறுத்திப் பார்த்த அறை

காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது தலையணை உறை. நஸ்ரினின் கன்னத்துக்குக் கீழே அது முழுக்க நனைந்து, ஈரம் பாய்வரை இறங்கியிருந்தது. என் மகளுக்கு இரண்டு வயது. தூங்கும்போது எச்சில் வடிவது புதிதல்ல. இது வாயோரத்திலிருந்து நூல்போல நிற்காமல் ஒழுகியது. கண்கள் திறந்திருந்தன. இரண்டிலிருந்தும் நீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனால் அவள் அழவில்லை. தூக்கினேன். தலை பின்னால் சரிந்தது. மார்பில் காதை வைத்தால் உள்ளே உலை கொதிக்கிற சத்தம்.

இரவு ஷிப்ட் முடிந்து என் கணவர் சலீம் அப்போதுதான் வந்து கதவைத் தட்டினார். வண்டிச் சாவியை அவர் கையிலிருந்து இறக்கவே விடவில்லை.

மூக்கண்டப்பள்ளியில் அந்த நேரத்துக்குத் திறந்திருந்த கிளினிக் ஒன்றுதான். டாக்டர் இளைஞர். ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், எடுத்தார். "நெஞ்சுச் சளி. இந்தக் குளிருக்கு ஓசூர்ல எல்லாப் பிள்ளைக்கும் இதுதான் மேடம்." மூக்கில் ஆவி பிடிக்கும் முகமூடியை மாட்டினார்கள்.

"நேத்து சாயங்காலம் வீட்டுல மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிச்சாங்க டாக்டர்."

"நீங்களும் அதே ரூம்லதானே படுத்தீங்க?"

"அதே பாய்ல."

"உங்களுக்கு என்ன ஆச்சு?"

"தலைவலி. லேசா குமட்டல்."

"அப்புறம் என்ன?"

இதை எழுத வைத்தது அந்த "அப்புறம் என்ன"தான்.

முந்தைய நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வீடுகள் ஒரே வரிசையில் நிற்கும் லைன் வீட்டில் நாங்கள் நான்காவது. முதல் வீட்டில் கம்பெனி வேலைக்கு வந்த ஆறு பையன்கள். ஒருவன் எழுந்து ஷிப்டுக்குப் போனால், ஷிப்ட் முடிந்து வந்தவன் அதே மெத்தையில் அந்தச் சூட்டிலேயே படுப்பான். மெத்தை ஆறுவதே கிடையாது. காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போகிறவன் அதை அடுத்து வருகிறவனுக்கு விட்டுவிட்டுப் போவான். மூட்டைப்பூச்சிக்கு இதைவிட வசதியான விடுதி அமையாது. அங்கிருந்து சுவர் வழியே எட்டு வீட்டுக்கும் வந்துவிட்டது.

வீட்டுக்காரர் நாகராஜுக்குப் பாகலூர் பக்கம் பிளாஸ்டிக் கூரை போட்டு மூடிய குடைமிளகாய் பாலிஹவுஸ் இருக்கிறது. பூச்சி என்று நாங்கள் புகார் சொன்னதும் அங்கே மிச்சமிருந்த மருந்தையும், அங்கே மருந்து அடிக்கிற மாதேஷையும் அனுப்பிவிட்டார். மாதேஷ் அஞ்செட்டிக்காரர், இருபத்தேழு வயது இருக்கும், நல்ல கட்டான உடம்பு. முதுகில் மாட்டிய டேங்க்கோடு வீடு வீடாக ஏறி இறங்கினார். மெத்தை, கட்டில் இடுக்கு, சுவரோரம், தரை. அது செடிக்கு அடிக்கிற மருந்து. வீட்டுக்குள் அடிக்கக் கூடாது என்பது புட்டியின் லேபிளிலேயே இருந்திருக்கும். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்றும் இருந்திருக்கும். புட்டி எட்டாத இடத்தில்தான் இருந்தது. மருந்து தரையில் இருந்தது.

பாலிஹவுஸில் ஒரு வழக்கம் உண்டு. மருந்து அடித்து முடித்ததும், காய் பறிக்கும் பெண்களை உள்ளே விடுவதற்கு முன்னால் ஓர் ஆளை உள்ளே நிறுத்திப் பார்ப்பார்கள். ஒரு பீடி தீரும்வரை அவர் நிற்பார். கண் எரியவில்லை, தொண்டை கமறவில்லை என்றால் கதவு திறக்கும். எங்கள் வீட்டுக்கும் அதே சோதனைதான்.

"சின்னக் குழந்தை இருக்கு மாதேஷ். ராத்திரி உள்ள படுக்கலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா படுங்கக்கா. நான் நின்னு பாத்துட்டன். வேணும்னா இன்னொருக்கா நின்னு காட்டட்டா?"

காட்டினார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று, பீடி முடிந்ததும் வெளியே வந்து இரு கைகளையும் விரித்தார். "பாருங்க, குத்துக்கல்லாட்டம் இருக்கறன்."

அடுத்த வீட்டு முனிரத்தினம் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டியவர், ஒரு கம்பெனியில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்று, தனியாக இருக்கிறார். "நீ எருமைடா. உனக்கு என்னா ஆவும்?" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

மெத்தை மருந்தில் ஊறியிருந்ததால் சுவரில் சாய்த்துவிட்டு, தரையில் பாய் விரித்தோம். குளிருக்கு ஜன்னலைச் சாத்தினோம். நஸ்ரின் படுக்கும்வரை தரையில் தவழ்ந்து பொம்மைக் காரோட்டினாள். பிறகு வழக்கம்போல் விரல் சப்பிக்கொண்டு தூங்கினாள்.

கிளினிக்கில் ஆவி பிடித்தும் மூச்சு மோசமாகிக்கொண்டே போனது. தொடைச் சதை தோலுக்கு அடியில் துடிக்கத் தொடங்கியதும் சலீம் முகமூடியைக் கழற்றிவிட்டார். ஓசூருக்குள் ஒரு பெரிய மருத்துவமனைக்கு ஆட்டோவில் போனோம். அங்கே இருந்த குழந்தை மருத்துவர் நடுவயதுப் பெண். எதையும் கேட்பதற்கு முன்னால் டார்ச்சை எடுத்து நஸ்ரினின் கண்ணைப் பார்த்தார். கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதன் பிறகு ஒரே கேள்வி.

"வீட்டுல என்ன மருந்து அடிச்சீங்க?"

அடித்தீர்களா என்று கேட்கவில்லை. என்ன மருந்து என்று கேட்டார். அந்தக் காலையில் எங்களை நம்பிய முதல் ஆள் அவர்.

உடுப்பைக் கத்தரியால் வெட்டி எடுத்தார்கள். தலைமுடிவரை சோப்புத் தண்ணீரில் கழுவினார்கள். உடுப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டினார்கள். என்னையும் குளித்து வேறு துணி மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். நர்ஸின் நைட்டியை உடுத்திக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில் உட்கார்ந்தேன்.

விஷம் என்றால் காவல் துறைக்குத் தகவல் போக வேண்டும் என்பது விதி. மத்தியானம் ஒரு ஏட்டு வந்தார். கெட்டவர் அல்ல, எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

"வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையாம்மா?"

"இல்ல சார்."

"உங்க வீட்டுக்காரர் தண்ணி போடுவாரா?"

"மாட்டார்."

"மாமியார்?"

"துறையூர்ல இருக்காங்க."

"அப்ப மருந்து எப்பிடிம்மா பாப்பா வயித்துக்குள்ள போச்சு?"

"வயித்துல போகல சார். மூச்சுல போச்சு, தோல் வழியா போச்சு, விரலைச் சப்பினதுல போச்சு."

பேனாவை நிறுத்தினார். "மூச்சுலன்னா நீங்க எப்பிடிம்மா நல்லா இருக்கீங்க?"

நான் எட்டு வருடம் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவள். பூச்சிமருந்து என்று வரும் செய்திக்கு அங்கே தலைப்பு முன்கூட்டியே தயாராக இருக்கும்: குடும்பத் தகராறு. ஏட்டு அந்தத் தலைப்புக்குக் கீழே செய்தி தேடிக்கொண்டிருந்தார். மறுநாள் காலை ஒரு பத்திரிகையில் நான்கு வரி வந்தது. தாயின் கவனக்குறைவால் குழந்தை கவலைக்கிடம் என்று போட்டிருந்தார்கள். நாகராஜ் பெயர் இல்லை. மருந்தின் பெயரும் இல்லை. என் பெயர் மட்டும் பிழையில்லாமல் இருந்தது.

உள்ளே நடந்ததைக் குழந்தை மருத்துவர் எனக்குப் புரியும்படி சொன்னார். நரம்பு, தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி அனுப்புகிறது: சுருங்கு, சுர. வேலை முடிந்ததும் அந்தச் செய்தியைத் துடைத்துவிட உடம்பில் ஒரு பொருள் இருக்கிறது. கோலினெஸ்டெரேஸ் என்று பெயர். இந்த வகைப் பூச்சிமருந்து அதன் கையைக் கட்டிப்போட்டுவிடும். செய்தி அழியாமல் நிற்கும். எச்சில் சுரந்துகொண்டே இருக்கும், கண்ணீர் சுரந்துகொண்டே இருக்கும், நுரையீரல் தன் நீரிலேயே மூழ்கும். பூச்சி சாவதும் இதே வழியில்தான்.

அதை முறிக்க அட்ரோபின் கொடுத்தார்கள். சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டு, நெஞ்சில் கொதிப்பு அடங்குகிறதா என்று கேட்பார்கள். அக்குளில் விரல் வைத்து, காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூச்சுக்கு இயந்திரம் வைக்க வேண்டி வரலாம் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சலீம் போட்ட கையெழுத்து கோட்டைவிட்டு இறங்கிப்போனது. கம்பெனியில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் கண்டுபிடிக்கிற கை அது.

இயந்திரம் தேவைப்படவில்லை. இரண்டாம் நாள் கொதிப்பு அடங்கியது. ஆனால் அட்ரோபின் மிகுந்தால் பிரமை தட்டும். நஸ்ரின் காற்றில் எதையோ பறித்துப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தாள். நான் நர்ஸைப் பார்த்தேன்.

"வாங்கிக்கோங்கக்கா. வாங்கலன்னா பாப்பா மேடம் கோவிச்சுக்குவாங்க," என்றார் நர்ஸ்.

வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். அவள் திருப்தியாக அடுத்ததைப் பறித்தாள்.

என் வளையல்கள் அதற்குள் அடகுக்கடைக்குப் போயிருந்தன. சலீமோடு வேலை பார்ப்பவர்கள் ஆளுக்கொரு ஷிப்டை மாற்றிக்கொடுத்தார்கள். ஒருவர் மனைவி மூன்று வேளையும் சோறு கட்டி அனுப்பினார். அவரை நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை.

மருத்துவரிடம் கேட்டேன், "ஒரே பாய்ல படுத்தோம் டாக்டர். எனக்குத் தலைவலியோட போச்சு. ஏன்?"

"எடைக்கு எடை பாத்தா அவ உங்களைவிட அதிகமா மூச்சு இழுக்கறா. உடம்போட அளவுக்குத் தோல் அதிகம். உங்க மூக்கு இருக்கற உயரம் வேற, அவ மூக்கு இருக்கற உயரம் வேற. அவ தரையிலேயே வாழறா. கை எப்பவும் வாயில. இதெல்லாம் போக, உள்ள போன விஷத்தை உடைச்சு வெளிய தள்ளற சக்தி உங்களுக்கு முழுசா வளந்துடுச்சு. அவளுக்கு இன்னும் வளந்துட்டிருக்கு. அந்த ரூம்ல நீங்க ரெண்டு பேரும் ஒரே அளவு வாங்கல. வாங்கியிருந்தாலும் அது ரெண்டு பேருக்கும் ஒண்ணு இல்ல."

"வயசானவங்களுக்கு?"

"அங்கயும் இதே கதைதான். ஈரலும் சிறுநீரகமும் மெதுவாயிடும். ஏற்கெனவே நாலு மாத்திரை போடுவாங்க. தாங்கற இடம் குறைச்சல்."

நான் அதை ஒரு தகவலாகக் கேட்டுக்கொண்டேன். மறுநாள் முனிரத்தினம் வந்தார்.

கையில் நஸ்ரினின் மஞ்சள் போர்வை. அது இல்லாமல் அவள் தூங்க மாட்டாள் என்பது லைனுக்கே தெரியும். எங்கள் வீட்டுச் சாவி அவரிடம்தான் இருந்தது. போர்வை எடுக்கப் போனவர் அதோடு நிற்கவில்லை. பாப்பா வரும்போது வீடு சுத்தமாக இருக்கட்டும் என்று மெத்தையைத் தட்டி உதறி, முட்டி போட்டுத் தரை முழுக்கக் கையாலேயே துடைத்திருக்கிறார்.

"ஏமி காதம்மா ஜமீலா. ஒண்ணும் ஆவாது பாப்பாக்கு. வீடு கண்ணாடியாட்டம் பண்ணிட்டேன்," என்றார். சொல்லிவிட்டு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நர்ஸ் போர்வையை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பையில் போட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, அந்தக் குளிரில். வாயோரத்தைத் துண்டால் துடைத்தார், உடனே மறுபடி துடைத்தார். நடைபாதையில் வெளிச்சம் குறைவு. வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிய வேண்டும். அவருடையது ஊசிமுனையாக இருந்தது.

கீழே அவசரப் பிரிவுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனேன். பணியில் இருந்த டாக்டர் நாடி பார்த்தார்.

"வயசு என்ன தாத்தா?"

"எழுபத்திரெண்டு."

"ரொம்ப மெதுவா அடிக்குது. ஹார்ட் பிரச்சினையா இருக்கும். ஈசிஜி எடுக்கலாம்."

"அவர் கண்ணைப் பாருங்க சார். பூச்சிமருந்து அடிச்ச வீட்டைத் துடைச்சிருக்கார். என் பொண்ணு மேல ஐசியூல இருக்கா, இதே வீடு."

"வயசானா கண்மணி சுருங்கத்தான்மா செய்யும். வயசானா வேர்க்கவும் செய்யும். நீங்க பதட்டப்படாதீங்க."

"எச்சில் ஒழுகவும் செய்யுமா?"

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"பக்கத்து வீடு."

"அப்ப அவரோட சொந்தக்காரங்களைக் கூப்பிடுங்க."

நான் மாடிக்கு ஓடினேன். வாழ்க்கையில் ஒரு டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்தது அதுதான் முதல் முறை. குழந்தை மருத்துவர் வந்தார். முனிரத்தினத்தின் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனார். திரும்பி ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அட்ரோபின்." அந்தச் சட்டையையும் கத்தரியால் வெட்டினார்கள். பெரியவர் கூச்சத்தில் இரண்டு கைகளாலும் மார்பை மூடிக்கொண்டார்.

எனக்குக் கோபம் அப்போதுதான் உருவம் பிடித்தது. குழந்தையைக் காட்டினால், பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்கள். வயதானவரைக் காட்டினால், வயதாகிவிட்டதே என்கிறார்கள். நடுவில் இருக்கும் திடமான ஆளின் உடம்பு ஒன்றுதான் அளவுகோல். கதவு திறப்பது அவன் கண் எரியாவிட்டால். டாக்டர் தலையாட்டுவது அவன் நடந்து வந்தால். ஏட்டு எழுதுவது அவன் பிழைத்திருப்பதை வைத்து. அவனுக்கு முன்னால் பிறந்தவர்களும் பின்னால் பிறந்தவர்களும் கணக்கிலேயே கிடையாது.

இரண்டு நாள் கழித்து நாகராஜ் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தார். மாதேஷ் அவருக்குப் பின்னால், கதவுக்கு வெளியே நின்றார்.

"ஏம்மா, எட்டு வீட்டுக்கும் ஒரே மருந்துதான் அடிச்சது. அத்தனை பேர் இருக்காங்க. ரெண்டு பேருக்குத்தான் ஆச்சு. ஒண்ணு பச்சப்புள்ள, ஒண்ணு கிழடு. மருந்துல கோளாறுன்னா எல்லாருக்கும் ஆயிருக்கணுமா இல்லையா?"

"முதல் வீட்டுல ஆறு பேரும் இருபது வயசுப் பசங்க. அவங்களுக்கு ஆகலைங்கறது சாட்சியா?"

"நான் என்ன வேணும்னா அடிச்சேன்? பூச்சி கடிக்குதுன்னு நீங்கதானே ஃபோன் மேல ஃபோன் போட்டீங்க?"

"பூச்சி கடிக்குதுன்னு சொன்னோம். மிளகாய்ச் செடிக்கு அடிக்கறதை எம் பொண்ணு படுக்கற இடத்துல அடிங்கன்னு சொல்லல."

சலீம் என் தோளைத் தொட்டார். நான் நிறுத்தவில்லை. அந்த மெத்தைகளை எல்லாம் அப்புறப்படுத்த வேண்டும், சுவரையும் தரையையும் தெரிந்தவர்களை வைத்துக் கழுவ வேண்டும், அதுவரை யாரையும் குடி வைக்கக் கூடாது என்றேன். பார்க்கலாம் என்றார். நீங்கள் படித்தவர்கள், பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். ஆப்பிளை வைத்துவிட்டுப் போனார்.

மாதேஷ் ஒரு நிமிடம் பின்தங்கினார். "மன்னிச்சுக்கோங்கக்கா. நான் நின்னு பாத்துட்டுத்தான் சொன்னன்."

"உனக்கு ஒண்ணுமே ஆகறதில்லையா மாதேஷ்?"

"எனக்கு என்னாக்கா ஆவும்? மருந்து அடிச்ச அன்னிக்கு சாயங்காலம் கை கொஞ்சம் நடுங்கும். சோறு பெசஞ்சா செதறும். கண்ணு மங்கும். தூங்கி எழுந்தா சரியாப் போயிரும். அதெல்லாம் பழகிப்போச்சு."

அந்த ஆளை நிறுத்தித்தான் அறையை அளந்திருந்தார்கள். அளவுகோலே வளைந்திருந்தது.

நஸ்ரின் வீடு திரும்பினாள் என்று எழுத முடியாது. மத்திகிரியில் சலீமின் நண்பர் பிடித்துக்கொடுத்த வேறு வீட்டுக்குப் போனோம். அவள் ஓடுகிறாள், கத்துகிறாள், விரல் சப்புகிறாள். ரத்தத்தில் அந்தக் கோலினெஸ்டெரேஸ் இன்னும் முழு அளவுக்கு ஏறவில்லை. மறுபடி சோதிக்க வேண்டும். அவள் தலையணையைக் காலையில் முதல் வேலையாகத் தொட்டுப் பார்க்கிறேன்.

முனிரத்தினம் அவளைவிட அதிக நாள் படுக்கையில் இருந்தார். உயிர் தப்பிவிட்டது என்று எல்லோரும் சொல்லி முடித்த பிறகு, சில வாரங்கள் கழித்து, பாதங்கள் தளர்ந்தன. இந்த வகை மருந்துகளில் சில, நரம்பைத் தாமதமாகத் தாக்கும் என்றார்கள். கோலார் பக்கம் இருக்கும் மகன் வந்து கூட்டிப்போனார். காரில் ஏறும்போது ஒரு செருப்பு கழன்று தரையில் கிடந்தது. அவருக்கு அது தெரியவில்லை. நான் எடுத்து மாட்டிவிட்டேன். "பாப்பா தூங்குறாளாம்மா, போர்வை இல்லாம?" என்று கேட்டார்.

ஏட்டிடம் மீண்டும் போனேன். நாகராஜ் மேல் புகார் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். சுகாதாரத் துறைக்கும் வேளாண் துறைக்கும் கொடுத்தேன். வீட்டுக்குள் நடந்தது எங்களுக்கு வராது என்றது வேளாண் துறை. பயிர் மருந்து எங்களுக்கு வராது என்றது சுகாதாரத் துறை.

போன ஞாயிற்றுக்கிழமை, விட்டுவந்த பாத்திரங்களை எடுக்க லைன் வீட்டுக்குப் போனேன். நாங்கள் இருந்த நான்காம் வீட்டில் குடி வந்திருந்தார்கள். அரியலூர்ப் பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி. மெத்தை எங்களுடையதுதான், வெயிலில் காயவைத்து உள்ளே போட்டிருந்தார்கள். நடந்ததை எல்லாம் அந்தப் பெண்ணிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன், மருத்துவமனைச் சீட்டுகளைக் காட்டினேன். கடைசிவரை கேட்டுக்கொண்டாள். அவள் கணவரிடம் சொல்வதாகச் சொன்னாள்.

அவர்கள் குழந்தைக்கு ஏழு மாதம்.